ஈரப்பனியும் மீன் ஐஸும்

நான் ஓய்வு பெற்ற கிழமை ஓக்லாந்தின் ஒடாஹுஹு பட்டறையில் தேநீர் விருந்து வைத்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும், சென்னையிலிருந்து வந்து எங்களோடு வேலை பழகும் தினேஷ், அன்று காலை பெட்டி பிரித்த ஒரு புதிய இயந்திரத்தைக் காட்டினான்.

"சார், இதுல குழாய்க்குள்ள வெள்ளையா பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. அடைப்பு எடுக்க ஒரு குச்சியும் வெச்சிருக்காங்க. நம்மகிட்ட வர்ற அந்தப் பழைய மெஷின்ல மட்டும் குச்சியையும் சாவியையும் கம்பி போட்டு ஒண்ணாக் கட்டியிருக்கே, அது ஏன்?"

"அது நான் கட்டினது."

"தொலைஞ்சு போகக் கூடாதுன்னா?"

"ஓம். தொலைஞ்சு போகக் கூடாது எண்டுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று அவனுக்கு முழுதும் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த இயந்திரம் ஸ்னோபுளோவர், வழியில் குவிந்த பனியை அள்ளி எறிவது. ஓக்லாந்தில் பனி விழுவதில்லை. இங்கே குளிர்காலம் என்றால் மழையும் காய்ந்து முடியாத துணிகளும்தான். ஆனால் தீவின் நடுவே மலை இருக்கிறது. அங்கே பனிச்சறுக்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அந்த விடுதிகளின் இயந்திரங்கள் இலையுதிர் காலத்தில் டிரெய்லரில் ஏறி எங்கள் பட்டறைக்குப் பழுது பார்க்க வரும். ஆண்டு முழுவதும் புல்வெட்டி, மரம் அறுக்கும் வாள், தண்ணீர்ப் பம்பு என்று பார்க்கிற எங்களுக்கு அது ஒரு மாற்றம்.

நான் மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்தேன். பிறகு சண்டை, கொழும்பு, விமானம், ஓக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் நான்கு பேரோடு ஒரு வாடகை வீடு. எண்பதுகளின் கடைசியில் இந்தப் பட்டறையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. படித்தவன் என்பதைச் சட்டைப் பையில் பேனா குத்திக் காட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

பட்டறைப் பொறுப்பாளர் ஆறுமுகம். ஈப்போவில் இருந்து வந்த மலேசியத் தமிழர். வெள்ளைக்காரர்களுக்கு அவர் ஆறு, எனக்கு ஆறு அண்ணை. பெரிய உடம்பு, சின்னக் குரல். யாரையும் அதட்ட மாட்டார். நாம் ஓர் இயந்திரத்தின் மேல் குனிந்திருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். கையில் பாதி கடித்த கறிபாப், கிழங்குக் கறி வைத்துப் பொரித்த பலகாரம், இருக்கும்.

"சாவி எங்க?"

அதுதான் அவருடைய காலை வணக்கம். இயந்திரத்தில் கை வைக்க முன்னம் சாவியைக் கழற்றித் தன் காற்சட்டைப் பையில் போட வேண்டும். மேசையில் வைத்தால் கணக்கில்லை. இன்னொருவரிடம் கொடுத்தாலும் கணக்கில்லை. அவர் கேட்கும்போது பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் "ம்" என்று சொல்லிவிட்டுக் கறிபாப்பைக் கடிப்பார். காட்டாவிட்டால் அங்கேயே நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் அப்படி நிற்பதைத் தாங்க முடியாது. சாவி இல்லாத, கயிறு இழுத்துக் கிளப்பும் புல்வெட்டியாக இருந்தால் பிளக் வயரைக் கழற்றிக் காட்ட வேண்டும். எனக்கு அது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. கல்லூரியில் பாதுகாப்புப் பாடத்தில் நான் முதல் மாணவன்.

அந்த இலையுதிர் காலத்தில் ரங்கி வந்தான். மலையடிவார விடுதி ஒன்றின் பராமரிப்பாளன், இந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிக்காரன், ஐம்பதை நெருங்கியிருப்பான். டிரெய்லரில் இருந்து இயந்திரத்தை இறக்க நான் கை கொடுத்தபோதுதான் பார்த்தேன், அவனுடைய வலக்கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

"போன குளிர்காலம்" என்றான், நான் கேட்காமலே. "குழாய் அடைச்சிட்டுது. கையை விட்டேன்."

அவன் பேசியது ஆங்கிலம். என் நினைவில் இன்று அது தமிழாகத்தான் இருக்கிறது.

அவன் மேலும் சொன்னான். உலர்ந்த பனி மா மாதிரி, இயந்திரம் அதைத் தென்னை உயரத்துக்கு எறியும். சிக்கல் ஈரப்பனியில்தான். மழையோடு சேர்ந்து விழுகிற பனி, வெயிலில் பாதி உருகிய பனி, இரண்டும் சேறு போலக் குழாயில் ஏறி நின்றுவிடும். ஒரு காலையில் பத்துத் தரம் நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். பதினோராம் தரம் யாருக்கும் நிறுத்தத் தோன்றாது.

"எனக்கு இந்தக் கையாலே பிடி இறுகப் பிடிக்க முடியல்ல. இந்தக் குளிர்காலம் என் மகள் மெரே ஓட்டப்போறா. விடுதிக்காரர் புது இயந்திரம் வாங்க மாட்டினம். அவளுக்குக் கை ரெண்டும் முழுசா வேணும். அடைக்காம செய்து தர ஏலுமா?"

நான் யோசிக்காமல் சொன்னேன், "அடைக்காது. நான் செய்து தாறன்."

ஆறு அண்ணை கறிபாப்பை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரங்கி போன பிறகுதான் வாய் திறந்தார்.

"என்னா தம்பி, பனிய நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லை அண்ணை."

"நானும் பாத்ததில்ல லா. ஃப்ரீசர்ல பாத்தது. ரெண்டு பேரும் சேந்து வாக்குக் குடுத்திட்டோம்."

திருகாமல் உருவினாலே எஞ்சின் நிற்கும் அந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இயந்திரத்தைத் திறந்தேன். முன்னால் ஒரு பெரிய திருகு, அது பனியை அள்ளி நடுவுக்குக் கொண்டுவரும். அதன் பின்னால் ஒரு வட்டக் கூட்டுக்குள் நான்கு இறக்கையுள்ள விசிறி. அந்த விசிறிதான் பனியை மேலே நிற்கும் குழாய் வழியாக வெளியே எறியும். இறக்கையின் நுனிக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவில் என் சுண்டு விரல் போய் வந்தது.

உலர்ந்த பனிக்கு அந்த இடைவெளி பொருட்டல்ல. இறக்கை கிளப்பும் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போகும். ஈரப்பனியோ அந்த இடைவெளியில் வழுக்கிப் பின்னால் வந்துவிடும், விசிறி அதைத் தள்ளாமல் தடவிக்கொண்டே சுற்றும். வேகம் கிடைக்காத பனி குழாயின் பாதி வரை ஏறி அங்கேயே குந்திவிடும். இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து ஆறு அண்ணையிடம் கொடுத்தேன்.

"கப்பிய மாத்து" என்றார். "எஞ்சின் பக்கம் பெரிய கப்பி போட்டா விசிறி வேகமா சுத்தும். முடிஞ்சிச்சு."

"வேகமாச் சுத்தினாலும் இடைவெளி இடைவெளிதானே அண்ணை. வேகமாத் தடவும். அந்த விசிறியும் அந்த வேகத்துக்குச் செய்தது இல்லை."

இரண்டு நாள் இதைப் பற்றித்தான் கதைத்தோம். அவர் கப்பி, நான் இடைவெளி. மூன்றாம் நாள் அவரே ஒரு பழைய கன்வேயர் பெல்ட் துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். தடித்த ரப்பர், நடுவில் துணி வைத்து நெய்தது.

"எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் எஸ்டேட்ல ரப்பர் பால் எடுத்தவங்க. நான் ரப்பரத் தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தவன். இந்தா."

பெல்ட்டை நான்கு பட்டைகளாக வெட்டி, ஒவ்வோர் இறக்கையின் நுனியிலும் ஒன்றை இரும்புத் தகடு வைத்துப் பூட்டினேன். பூட்டும் துளைகளை வட்டமாகப் போடாமல் நீளமாகப் போட்டேன். அப்போதுதான் ரப்பரை முன்பின் நகர்த்தி, கூட்டின் சுவரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைக்கலாம். அதிகம் உரசினால் இயந்திரம் திணறும், ரப்பரும் புகையும். மெல்ல உரசினால் முதல் ஓட்டத்தில் தேய்ந்து தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நான்கு பட்டையும் ஒரே எடையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறி உதறும். ஆறு அண்ணை வீட்டில் கேக்குக்கு மா நிறுக்கும் தராசு பட்டறைக்கு வந்தது. ரப்பர் வாசம் போகவில்லையென்று அவருடைய மனைவி அதைத் திரும்ப வாங்கவே இல்லை.

இனிச் சோதிக்க வேண்டும், பனி இல்லை. ஆறு அண்ணை நனைத்த மரத்தூள் என்றார். எனக்கு அதைவிட நல்ல யோசனை இருந்தது. என் மச்சான் செபமாலை ஒரு மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்தான். அங்கே பொடியாக்கிய ஐஸ் மலைபோல் குவிந்து கிடக்கும். மன்னார்க்காரனுக்கு இது தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்?

செபமாலை பெரிய தொட்டிகளில் ஐஸ் நிரப்பித் தந்தான். நிரப்பும்போது வாயும் சும்மா இருக்கவில்லை.

"மீன் மணக்காத வேலைக்குப் போகோணும் எண்டுதானே மச்சான் உன்னைப் படிக்க வச்சது? இப்ப பேனாவையும் குத்திக்கொண்டு எனக்கு முன்னால வாளியோட நிக்கிறாய்."

"இது ஆராய்ச்சியடா."

"ஓம் ஓம். ஆராய்ச்சியில நெத்தலி ஒண்டு கிடக்கு, எடுத்து எறி."

ஐஸைப் பட்டறை முற்றத்தில் கொட்டி, கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, இயந்திரத்தைக் கிளப்பினேன். முதலில் ரப்பர் முனகியது. பிறகு சத்தம் சீராகி, குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு வில் எழுந்தது. அது வேலிக்கு மேலால் போய்ப் பக்கத்து டயர்க் கடையின் தகரக் கூரையில் படபடவென விழுந்தது. டயர்க் கடைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழாய் ஒரு தரமும் அடைக்கவில்லை.

இரும்பு துருப்பிடித்துவிடும் என்று அன்று பின்னேரமே இயந்திரத்தை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். மீன் ஐஸ் உப்பு ஐஸ் அல்லவா. கடல்நீர் கலந்து செய்தால்தான் அது கட்டியாகாமல் மெத்தென்று இருக்கும், மீனும் நசுங்காது. இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தே கழுவினேன். கழுவியபோதும் வேறொன்றும் தோன்றவில்லை.

குளிர்காலம் தொடங்கியதும் இயந்திரத்தை நானே மலைக்குக் கொண்டுபோனேன். அரைநாள் ஓட்டம். வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியை அங்கேதான் மிதித்தேன். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை, சப்பாத்து நனைந்தது. இயந்திரம் இரவு முழுவதும் வெளியே நின்றது. விடிந்தபோது மழை தூறியது. ரங்கி சொன்ன அதே ஈரப்பனி விடுதி வாசலை முழங்கால் வரை மூடியிருந்தது.

மெரேக்கு இருபது வயது இருக்கும். அதிகம் பேசாத பிள்ளை. தகப்பன் தள்ளி நிற்க, நான் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க, அவள் கிளப்பினாள். பனி உயர எழுந்தது. ரங்கியின் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன். இயந்திரம் சில அடி போனது. வில் கொஞ்சம் தாழ்ந்தது. இன்னும் சில அடி, இன்னும் தாழ்ந்தது. பிறகு குழாய் வாயிலிருந்து இரண்டு கட்டி விழ, பனி வருவது நின்றுவிட்டது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மெரே கையுறையைக் கழற்றினாள். மூக்கைத் துடைக்கப் போகிறவள் மாதிரி அவ்வளவு இயல்பாக, கையைக் குழாயின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கையை எடு பிள்ளை."

என் வாயில் தமிழ்தான் வந்தது. உரத்துக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் என்ன இது என்று திரும்பிப் பார்த்தாள், கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் நான் சாவியை உருவிவிட்டேன்.

சாவி கையில் வந்த பிறகும் விசிறி சில நொடி சுற்றித்தான் ஓய்ந்தது. ரங்கி தன் வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "உள்ளே வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

தேநீருக்குப் பிறகு குழாயைக் கழற்றிப் பார்த்தேன். விசிறியில் குறை இல்லை, ரப்பர் தன் வேலையைச் செய்திருந்தது. குழாயின் உட்சுவரில் நகத்தால் கிளப்ப முடியாத ஐஸ் படலம் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் அடுத்த படலம், அதன் மேல் சேறு. இரவெல்லாம் வெளியே நின்ற இரும்பு, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கிறது. ஈரப்பனி அதில் பட்டவுடன் உறைந்து பிடித்துக்கொண்டது. ஒடாஹுஹுவில் நான் வெயிலில் சூடேறிய இரும்பில் உப்பு ஐஸை எறிந்து பார்த்திருக்கிறேன். உப்பு ஐஸ் அவ்வளவு இலேசில் எதிலும் உறைந்து ஒட்டாது. எனக்கு ஐஸ் என்றால் மீன் ஐஸ்தான். வேறு ஐஸ் உண்டென்பதை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு ஓக்லாந்துக்குத் திரும்பினேன். புறப்படும்போது ரங்கி, "அது வரைக்கும் அவள் மண்வெட்டியாலே தள்ளட்டும்" என்றான்.

ஆறு அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"சாவிய யாரு எடுத்தது?"

"நான்."

"ம்."

இம்முறை முறையாகச் செய்தோம். ஈர மண் ஏற்றும் டிப்பர் லொறிகளில் மண் ஒட்டாமலிருக்கத் தரையில் வழுவழுப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு விரிப்பார்கள். அதில் ஒரு மெல்லிய துண்டு வாங்கி, சூடு காட்டி வளைத்து, குழாயின் உட்புறத்தில் பொருத்தினேன். ஆணித் தலை ஒவ்வொன்றும் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் பனிக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தேன். ஆறு அண்ணையும் தடவினார்.

சோதிக்கக் குழாயை மீன் பதனிடும் இடத்தின் உறைபனி அறையில் ஓர் இரவு வைத்தோம். பக்கத்தில் பிளாஸ்டிக் போடாத ஒரு வெறுந்தகட்டையும் வைத்தோம். ஐஸ் இம்முறை உப்பில்லாத நல்ல தண்ணீரில் செய்தது.

"இந்த முறை மீன் இல்லாத ஐஸ் வேணுமாம்" என்று செபமாலை தன் கூட்டாளிகளுக்கு அறிவித்தான். "படிப்புக் கூடிட்டுது."

நொறுக்கி ஈரமாக்கிய ஐஸ் வெறுந்தகட்டில் பிடித்துக்கொண்டது, சுரண்ட வேண்டியிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டத்தான் செய்தது, ஆனால் விரலால் தட்டியதும் வழுக்கி விழுந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

"இப்ப அடைக்குமா?" என்று கேட்டார் ஆறு அண்ணை.

அடைக்காது என்று சொல்ல வாய் எடுத்தேன். மெரேயின் கை அந்தரத்தில் நின்றது நினைவுக்கு வந்தது.

"குறைவா அடைக்கும் அண்ணை."

"கெரக்ட். பத்துத் தரம் அடைக்கிறது ரெண்டு தரம் ஆவும். அந்த ரெண்டு தரம் அந்தப் பொண்ணு என்னா செய்யும்?"

எச்சரிக்கை ஒட்டலாம் என்றேன். எச்சரிக்கை அந்த இயந்திரத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, ரங்கிக்கும் வாசிக்கத் தெரியும் என்றார். அன்று முழுவதும் வேறு வேலை செய்துகொண்டே யோசித்தேன். பின்னேரம் அவர் வழமைபோல் பின்னால் வந்து நின்று "சாவி எங்க?" என்றார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். காட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றேன். மலையில் மெரேக்குப் பின்னால் வந்து நிற்க ஆறு அண்ணை இல்லை. அடைப்பு எடுக்கிற குச்சியே அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன?

ஒரு மரக் குச்சி சீவினேன், குழாய்க்குள் போய் அடைப்பைத் தள்ளும் நீளத்துக்கு. அதை மாட்டி வைக்க இயந்திரத்தின் கைப்பிடிக்குப் பக்கத்தில், சாவித் துவாரத்தை ஒட்டி ஒரு கவ்வி. குச்சியின் அடியையும் சாவியையும் உருக்குக் கம்பியால் இணைத்தேன். குச்சியைக் கவ்வியிலிருந்து எடுத்துக் குழாய் வரை கொண்டுபோனால் கம்பி இழுத்துச் சாவியும் கூடவே கழன்று வரும், இயந்திரம் நின்றுவிடும். சாவியைக் கழற்றாமல் குச்சி குழாயை எட்டாது.

"நான் சோம்பேறி" என்றார் ஆறு அண்ணை. "எனக்குக் குளிருது, மெஷின நிறுத்தி நிறுத்தி வேல செய்யப் பிடிக்கல. நான் ஏமாத்திப் பாக்குறேன்."

அந்தப் பெரிய உடம்பை இயந்திரத்தின் மேல் சாய்த்து, குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, சாவி துவாரத்தில் இருக்கக் குழாயின் வாயைத் தொட்டுவிட்டார். "பாத்தியா?" கம்பியைக் குறுக்கினேன். மறுபடி வயிற்றால் எக்கினார். தொட்டுவிட்டார். இன்னும் குறுக்கினேன். மூன்றாம் தரம் எக்கியபோது சாவி கழன்று அவர் மூக்கில் அடித்தது. மூக்கைத் தடவிக்கொண்டு "ம்" என்றார்.

குழாயையும் குச்சியையும் மலைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். மெரேயிடம் அதிகம் விளக்கவில்லை. அவள் ஒரு தரம் குச்சியை இழுத்தாள், இயந்திரம் நின்றது, தலையை ஆட்டினாள். அந்த வாரம் உலர்ந்த பனிதான் விழுந்தது. அதனால் எதையும் கண்ணால் பார்க்காமலேதான் திரும்பி வந்தேன். குளிர்காலம் முழுவதும் பட்டறைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நானே ஓடிப்போய் எடுத்தேன். மலையிலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் டிரெய்லர் எங்கள் முற்றத்துக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தது மெரே, பக்கத்தில் ரங்கி. நான் வெளியே போக முன்னமே அவள் இயந்திரத்தை இறக்கத் தொடங்கியிருந்தாள். ஆறு அண்ணை கறிபாப்போடு அவளுக்குப் பின்னால் போய் நின்று, யாரென்றும் யோசிக்காமல் பழக்கத்தில் தமிழில் கேட்டுவிட்டார்.

"சாவி எங்க?"

அவள் திரும்பி, அவர் கண் சாவித் துவாரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஜாக்கெட் பையிலிருந்து சாவியை எடுத்தாள். கம்பியில் குச்சியும் கூட வந்தது.

"அடைச்சதா?" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஈரமான நாட்களில் ஒன்றிரண்டு தரம். முந்தியைவிட எவ்வளவோ மேல்."

குச்சியை என்னிடம் நீட்டினாள். நான் சீவிக் கொடுத்ததைவிட அது குட்டையாக இருந்தது. நுனி இல்லை, பல் போட்டுக் கடித்தது மாதிரி நாராகக் கிழிந்து நின்றது.

"அவசரப்பட்டுட்டேன்" என்றாள். "சாவி கழன்றது, ஆனா விசிறி சுத்தி ஓயவில்லை. அதுக்கு முதல் குச்சியை உள்ளே விட்டுட்டேன்."

ரங்கி அந்தக் குச்சியை என் கையிலிருந்து வாங்கினான். மூன்று விரலால் அதைப் பிடித்து, கிழிந்த நுனியைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினான். பிறகு என்னிடம் திருப்பித் தந்தான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றான். "குச்சி மட்டும் புதுசா ஒண்டு சீவித் தா."